வெலிகயா ‘எப்போதும் வெள்ளி’யா? சேபர் அணிப் போட்டியின் 45 புள்ளிக் கணக்கு

2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக் வாள்வீச்சில் சென்னையின் பவானி தேவி ஆடியபோதுதான் நம்மில் பலர் அதன் ஒரு பிரிவான ‘சேபர்’ என்ற சொல்லையே முதன்முறையாகக் கேட்டோம். துனிசியாவின் நாதியா பென் அஸிஸியை 15–3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் ப்ருனேவிடம் 7–15 என்று தோற்றார். அன்று மாலை அதே பிரிவின் இறுதி ஆட்டத்தில் தோற்று வெள்ளி வாங்கியவர் ரஷ்யாவின் சோஃபியா வெலிகயா. ஐந்து நாள் கழித்து, அதே ப்ருனே இருந்த பிரெஞ்சு அணியை வீழ்த்தித் தங்கம் வென்ற ரஷ்ய அணியிலும் அவர் இருந்தார்.

வெலிகயாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். ஒன்று, ‘மூன்று ஒலிம்பிக் இறுதியிலும் தோற்றவர், அழுத்தம் தாங்காதவர்.’ இன்னொன்று, ‘தங்கம் அணியில் கிடைத்ததுதானே, கூட இருந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது.’ அணிப் போட்டியின் ஸ்கோர் எப்படி ஓடுகிறது என்று தெரியாததால் வரும் பேச்சு இது. கணக்கு ஒன்றும் கடினமில்லை. கூட்டல் கழித்தல் போதும்.

## ஒரு புள்ளி எப்படி விழுகிறது

வாள்வீச்சில் மூன்று ஆயுதங்கள் உண்டு: ஃபாயில், எப்பே, சேபர். மற்ற இரண்டிலும் முனையால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் வாளின் விளிம்பால் வீசினாலும் செல்லும், முனையால் குத்தினாலும் செல்லும். இடுப்புக்கு மேலே, தலையும் கையும் சேர்த்து, இலக்கு. வாளின் எடை 500 கிராமுக்குள் இருக்க வேண்டும். களம் 14 மீட்டர் நீளம். இருவரும் நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 2 மீட்டர் தள்ளி நிற்பார்கள், அதாவது இடையில் 4 மீட்டர். முதுகுக்குப் பின்னால் 5 மீட்டர்தான் இருக்கும். பின்வாங்கி இரண்டு காலும் அந்தக் கோட்டைத் தாண்டினால் எதிராளிக்குப் புள்ளி.

நடுவர் ‘அலே’ என்றதும் இருவரும் பாய்கிறார்கள். மின்கம்பி நெய்த மேலங்கியில் வாள் பட்டவுடன் விளக்கு எரியும். புதிதாகப் பார்ப்பவர் குழம்புவது இங்கேதான். பெரும்பாலும் இரண்டு விளக்கும் எரிகின்றன, ஆனால் ஒருவருக்குத்தான் புள்ளி. சில நேரம் யாருக்குமே இல்லை.

ஒரே ஒரு வண்டி போகும் அகலமுள்ள பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் லாரி வருகிறது. யார் முதலில் ஏறினாரோ அவருக்கு வழி. மற்றவர் நிற்க வேண்டும், அல்லது அவரை நிறுத்திவிட்டுத் தான் ஏற வேண்டும். நிறுத்தாமல் எதிரே ஏறி மோதினால் தவறு இரண்டாமவர் மேல். சேபரிலும் தாக்குதலைத் தொடங்கியவருக்கு முன்னுரிமை உண்டு. இரண்டு விளக்கும் எரிந்தால் முன்னுரிமை உள்ளவருக்கே புள்ளி என்பதுதான் அதன் பொருள். எதிராளி அந்த வாளைத் தன் வாளால் தடுத்துவிட்டால், அல்லது தாக்குதல் எட்டாமல் காற்றில் போய்விட்டால், முன்னுரிமை கைமாறும். இருவரும் ஒரே கணத்தில் ஒரே மாதிரி தொடங்கினால் யாருக்கும் புள்ளி இல்லை, திரும்ப ‘அலே’.

முதல் வாள் பட்ட பிறகு இரண்டாவது விளக்கு எரிய இயந்திரம் தரும் அவகாசம் ரியோ ஒலிம்பிக் வரை 120 மில்லிநொடி. 2016இல், ரியோவுக்குப் பிறகு, அதை 170 ஆக்கினார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் சிறு பகுதிதான் இந்த வித்தியாசம். ஆனால் முன்பு ஒற்றை விளக்கோடு முடிந்த பல மோதல்கள் இதனால் இரட்டை விளக்காகி, நடுவர் தீர்ப்புக்குப் போயின. கால் வேகத்தையும் தூரக் கணக்கையும் எல்லோரும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. வெலிகயாவின் முதல் ஒலிம்பிக் அணித் தங்கம் 120இல் வந்தது, இரண்டாவது 170இல்.

*இதுவரை:* சேபரில் வாள் பட்டால் மட்டும் போதாது. வழி யாருடையது என்பதை நடுவர் பார்க்கிறார். ஒரு புள்ளிக்கு ஆகும் நேரம் சில நொடிதான். தனிநபர் ஆட்டம் 15 புள்ளி, ஒருவர் 8 எடுத்ததும் சிறு இடைவேளை.

## ஒன்பது ஆட்டம், ஒரே ஸ்கோர்

அணிக்கு மூன்று பேர், கூடவே ஒரு மாற்று ஆள். இந்த அணியின் மூவரும் அந்த அணியின் மூவரோடும் தலா ஒருமுறை மோதுவார்கள். மூன்று பெருக்கல் மூன்று, ஒன்பது ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3 நிமிடம், ஆனால் சேபரில் கடிகாரம் தீர்வதை அபூர்வமாகத்தான் பார்க்கலாம்.

ஒன்பதில் ஐந்து ஆட்டம் வென்ற அணி ஜெயித்தது என்று பலர் நினைக்கிறார்கள். முன்காலத்தில் முறை ஏறக்குறைய அப்படித்தான். அணிக்கு நான்கு பேர், 16 ஆட்டம், 9 வென்றால் போதும். ரஷ்ய சேபரின் பெரும் பெயரான ஸ்தனிஸ்லாவ் போஸ்ட்னியகோவ் 1992 பார்சிலோனாவில் முதல் அணித் தங்கத்தை வாங்கியது அந்த முறையில். 1996, 2000 தங்கங்களை அவர் வென்றபோது இன்றைய முறை வந்துவிட்டது. அவர் மகள் சோஃபியா போஸ்ட்னியகோவா கதைக்குள் பிறகு வருவார்.

இன்றைய முறையில் தனித்தனி வெற்றி என்று எதுவும் இல்லை. ஸ்கோர் ஒன்றுதான், அது தொடர்ந்து ஓடும். முதல் ஆட்டம் ஏதாவது ஓர் அணி 5 தொட்டதும் முடியும். இரண்டாவது 10இல், மூன்றாவது 15இல். இப்படியே போய் ஒன்பதாவது 45இல் முடியும்.

தடகளத் தொடர் ஓட்டத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். பாதிதான் பொருந்தும். முன்னவர் விட்ட இடத்தில் பின்னவர் தொடங்குகிறார், அது சரி. ஆனால் தொடர் ஓட்டத்தில் முன்னால் போனவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முன்னேறலாம். சேபரில் முன்னால் இருப்பவருக்கு உச்சவரம்பு உண்டு.

## கடன் வாங்கியவருக்கே பெரிய பை

ஆறாவது ஆட்டம் முடிந்து ஸ்கோர் 30–22 என்று வையுங்கள். ஏழாவது ஆட்டம் 35இல் முடியும். முன்னால் இருக்கும் அணியின் ஆள் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த ஆட்டத்தில் அவரால் 5 புள்ளிதான் எடுக்க முடியும். பின்தங்கிய அணியின் ஆளுக்கோ 13 புள்ளி வரை இடம் இருக்கிறது. எதிராளி 5 எடுப்பதற்குள் இவர் 13 எடுத்தால் ஸ்கோர் 35இல் போய் நிற்கும்.

அண்ணன் பட்ட கடனைத் தம்பி அடைப்பது போலத்தான். ஆனால் கடன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய பையும் தம்பி கையில் தரப்படுகிறது. எட்டுப் புள்ளி முன்னிலை ஒரே ஆட்டத்தில் கரைந்துபோவது இதனால்தான். சேபரில் புள்ளிகள் சரசரவென்று விழுவதால், பயிற்சியாளர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் நான்கு போய்விடும்.

இதில் ஒருவரின் பங்கை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அவர் மூன்று ஆட்டங்களிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டுங்கள், கொடுத்த புள்ளிகளைக் கழியுங்கள். வருவதை நிகரப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கிரிக்கெட்டில் ஒருவர் பலவீனமான பந்துவீச்சில் ரன் குவித்தார் என்று வாதிடலாம். இங்கே மூவரும் அதே மூன்று எதிராளிகளைத்தான் சந்திக்கிறார்கள், ஆகவே அணிக்குள் ஒப்பிடுவது நியாயமானது.

## கற்பனை ஆட்டம் ஒன்று, முழுதாக

ஆட்ட வரிசை விதியிலேயே எழுதப்பட்டது. ஓர் அணிக்கு 1, 2, 3 என்றும் மற்றதற்கு 4, 5, 6 என்றும் எண். யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கலில். எந்த ஆளுக்கு எந்த எண் என்பது அணித்தலைவரின் கையில். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நாமே போட்டவை, வரிசை மட்டும் உண்மையானது.

1. 3 எதிர் 6: 5–3
2. 1 எதிர் 5: 8–10
3. 2 எதிர் 4: 12–15
4. 1 எதிர் 6: 20–17
5. 3 எதிர் 4: 25–20
6. 2 எதிர் 5: 27–30
7. 1 எதிர் 4: 31–35
8. 2 எதிர் 6: 36–40
9. 3 எதிர் 5: 45–43

நான்காவது ஆட்டத்தைக் கவனியுங்கள். 12–15 என்று பின்தங்கி வந்த 1ஆம் எண் 8 எடுத்து 2 மட்டும் கொடுத்தார். ஆறாவதில் நேர்மாறு: 2ஆம் எண் வெறும் 2 எடுத்து 10 கொடுத்தார். கடைசி ஆட்டத்துக்கு 3ஆம் எண் வரும்போது ஸ்கோர் 36–40. அவர் 9 எடுக்க வேண்டும், எதிராளிக்கு 5 போதும். அவர் எடுத்தார், எதிராளி 3இல் நின்றார்.

நிகரப் புள்ளி போட்டுப் பார்ப்போம். 3ஆம் எண்: எடுத்தது 19, கொடுத்தது 9, நிகரம் +10. 1ஆம் எண்: 15, 14, நிகரம் +1. 2ஆம் எண்: 11, 20, நிகரம் −9. கூட்டினால் +2, அதுதான் 45க்கும் 43க்கும் உள்ள வித்தியாசம்.

எதிரணியைப் பாருங்கள். 5ஆம் எண் 20 எடுத்து 14 கொடுத்திருக்கிறார். மொத்த ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான், நிகரம் +6. இருந்தும் அணி தோற்றது. 6ஆம் எண் −8 வைத்துவிட்டார்.

இன்னொன்று கண்ணில் படாமல் போகும். வென்ற அணியின் 2ஆம் எண் மூன்று ஆட்டத்தில் எதையும் ‘வெல்ல’வில்லை. ஆனால் மூன்றாவதில் 4–5, எட்டாவதில் 5–5. இவை மோசமான ஆட்டங்கள் அல்ல. வலுவற்றவரின் வேலை ஜெயிப்பது இல்லை, சேதத்தை ஒரு புள்ளி இரண்டு புள்ளியில் நிறுத்துவது. ஆறாவதில் நடந்ததுதான் விபத்து. அணிப் போட்டிகளில் அணி விழுவது பெரும்பாலும் இப்படி ஒரே ஆட்டத்தில்தான். ஒரே தவறு நாலைந்து முறை திரும்ப நடக்கும்: எதிராளி பின்வாங்கி ஏமாற்றி, தாக்குதலை எட்டாமல் விழவைத்து, அடுத்த நொடி வழியைப் பறிக்கிறார். ஆடுபவர் பதற்றத்தில் அதையே மறுபடி செய்கிறார். நடுவில் நிறுத்தி மாற்று ஆளை இறக்க முடியாது, ஓர் ஆட்டம் முடிந்த பிறகுதான் மாற்றலாம்.

*இதுவரை:* ஸ்கோர் ஒன்று, ஒன்பது படி, படிக்கு ஐந்து. பின்தங்கியவருக்கு அதிகம் எடுக்க இடம் உண்டு. நல்ல ஆட்டக்காரர் என்பவர் அதிகம் எடுப்பவர் மட்டுமல்ல, குறைவாகக் கொடுப்பவரும்தான்.

## ஃபினிஷரின் இடம்

வரிசையைத் திரும்பப் பார்த்தால் 3ஆம் எண் தொடங்கியும் வைக்கிறார், முடித்தும் வைக்கிறார். மறுபக்கம் முடிப்பவர் 5ஆம் எண், அவர் இரண்டாவது, ஆறாவது, ஒன்பதாவது ஆட்டங்களில் வருவார். கிரிக்கெட் ரசிகர்கள் பழகிய சொல்லில் இவர்கள் ஃபினிஷர்கள். பெரும்பாலும் அணியின் மிக வலுவானவருக்கு இந்த இடம்.

இந்த வேலை 15 புள்ளித் தனிநபர் ஆட்டம் போல் இல்லை. தனிநபரில் 0–0இல் தொடங்கி, எதிராளியைப் படித்து, 8இல் இடைவேளையில் பயிற்சியாளரிடம் பேசி, மாற்றிக்கொள்ள நேரம் உண்டு. இங்கே 40–36 என்று முன்னிலையோடு இறங்கினால் வேண்டியது ஐந்தே புள்ளி, துணிந்து பாய்வதை விட தூரத்தை அடக்கிவைப்பது முக்கியம். 36–40 என்று இறங்கினால் அதே ஆள் எதிர்மாறாக ஆட வேண்டும். அதற்கு முன் சில ஆட்டங்கள் உட்கார்ந்து தசை குளிர்ந்திருக்கும். தனிநபரில் உலக முதலிடத்தில் இருந்தும் அணியில் சோபிக்காதவர்கள் உண்டு, மாறாகவும் உண்டு. இரண்டும் ஒரே வாளால் ஆடும் வேறு வேறு விளையாட்டுகள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

## இப்போது வெலிகயா

1985இல் அல்மாட்டியில் பிறந்தவர். உலகப் போட்டியில் அணித் தங்கம் ஆறு முறை: 2004, 2010, 2011, 2012, 2015, 2019. முதல் தங்கத்தின்போது வயது 19, கடைசியின்போது 34. தனிநபர் உலகப் பட்டம் இரண்டு, 2011 கட்டானியாவிலும் 2015 மாஸ்கோவிலும்.

ஒலிம்பிக்கில் பட்டியல் வேறு மாதிரி தெரிகிறது. 2008 பெய்ஜிங்கில் தனிநபர் வெண்கல ஆட்டத்தில் அமெரிக்காவின் பெக்கா வார்டிடம் 14–15 என்று தோற்று நான்காமிடம். மகளிர் சேபர் அணிப் போட்டி ஒலிம்பிக்கில் அறிமுகமானதும் அங்கேதான். உக்ரைன் சீனாவை 45–44 என்று வென்றது, ரஷ்ய அணிக்குப் பதக்கம் இல்லை. 2012 லண்டன் இறுதியில் தென்கொரியாவின் கிம் ஜி-யோனிடம் 9–15. 2016 ரியோ இறுதியில் சக ரஷ்யரான யானா எகோர்யானிடம் 14–15. டோக்கியோ இறுதியில் சக அணியினர் சோஃபியா போஸ்ட்னியகோவாவிடம் 11–15.

லண்டன் 2012க்கு நேரே அணித் தங்கம் ஏன் இல்லை? ரஷ்ய அணி 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் உலக சாம்பியன். ஒலிம்பிக்கில் அது தோற்கவில்லை, போட்டியே நடக்கவில்லை. அப்போது வாள்வீச்சுக்கு ஒலிம்பிக்கில் பத்துப் பதக்கப் போட்டிதான் அனுமதி. ஆறு தனிநபர் போக, ஆறு அணிப் போட்டிகளில் இரண்டு சுழற்சி முறையில் ஒவ்வொரு முறையும் வெளியே போயின. லண்டனில் வெளியே போனவற்றில் ஒன்று மகளிர் சேபர் அணி. ரியோவில் ஆடவர் சேபர் அணி போனது. பன்னிரண்டும் முதன்முறையாக ஒன்றாக நடந்தது டோக்கியோவில்தான். அணி உச்சத்தில் இருந்த ஆண்டு பார்த்து மேடையை எடுத்துவிட்டால் பதக்கப் பட்டியல் என்ன சொல்லும்? எதுவும் சொல்லாது. ஒலிம்பிக் பட்டியலை மட்டும் வைத்து வாள்வீச்சுக்காரர்களை எடைபோடுவது அதனால்தான் ஆபத்து.

மேடை இருந்தபோது நடந்ததைப் பார்ப்போம். ரியோவில் எகோர்யானிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது ஆகஸ்ட் 8. ஆகஸ்ட் 13 அன்று இருவரும் ஒரே அணி, கூட எகதெரினா தியாச்சென்கோ, யூலியா கவ்ரிலோவா. இறுதியில் உக்ரைனை 45–30 என்று வென்றார்கள். ஒன்பது ஆட்டத்தில் 15 புள்ளி வித்தியாசம் என்றால் யாரும் பெரிய ஓட்டை வைக்கவில்லை என்று பொருள்.

டோக்கியோவில் அதே கதை மறுபடி நடந்தது. தன்னைத் தோற்கடித்த போஸ்ட்னியகோவாவோடும் ஒல்கா நிகிதினாவோடும் ஐந்து நாளில் ஒரே அணியாக இறங்கினார். ஊக்கமருந்து விவகாரத் தடையால் ரஷ்யப் பெயரும் கொடியும் இல்லை, ரஷ்ய ஒலிம்பிக் குழுவைக் குறிக்கும் ‘ஆர்ஓசி’ என்ற எழுத்துகள்தான். அரையிறுதியில் தென்கொரியாவை 45–26 என்று வென்றவர்களுக்கு இறுதியில் பிரான்ஸ் எளிதாக விடவில்லை, 45–41. மொத்தம் 86 புள்ளி விழுந்த ஆட்டத்தில் வித்தியாசம் நான்கு. ஆட்டத்துக்கு அரைப் புள்ளி கூட இல்லை. மூவரில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 2–10 வைத்திருந்தால் போயிருக்கும். ‘கூட இருந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது’ என்ற பேச்சு நிற்காதது இந்த இடத்தில்தான். 45–41இல் பயணி யாரும் இல்லை, எல்லோரும் தள்ளியாக வேண்டும்.

ஒரே நாட்டவர் இருவர் எப்படித் தனிநபர் இறுதியில் மோதினார்கள் என்று கேட்பார்கள். அணி தகுதி பெற்றால் அதன் மூவருக்கும் தனிநபரில் இடம் உண்டு. அணி தகுதி பெறாத நாட்டவர் தரவரிசையாலோ தகுதிச் சுற்றாலோ தனியாக வழி தேட வேண்டும். பவானி தேவி தரவரிசை வழியாக வந்தார். வலுவான அணியில் இருப்பதன் விலையும் இதுவே: தங்கத்துக்குக் குறுக்கே நிற்பவர் தினமும் கூடப் பயிற்சி எடுப்பவர், உங்கள் ஒவ்வோர் அசைவும் அவருக்கு மனப்பாடம்.

*இதுவரை:* ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், மூன்று வெள்ளி. வெள்ளிகளில் இரண்டு தன் சொந்த அணியினரிடம் தோற்றது, அந்த இருவரோடும் சேர்ந்து வென்றது இரண்டு தங்கமும்.

## அணி என்பதற்கு ஒரு நாடு வேண்டியிருந்தது

2022இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வாள்வீச்சு வீரர்கள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். பிறகு சிலருக்கு நடுநிலை வீரர் என்ற பெயரில் தனிநபர் கதவு திறந்தது. 2024 பாரிஸ் விதிகளில் நடுநிலை என்று அணி கிடையாது, தனி ஆள் மட்டும்தான். மூன்று பேரைச் சேர்த்து ஒரே ஸ்கோரில் எழுத மேலே ஒரு நாட்டின் பெயர் வேண்டியிருந்தது. பாரிஸில் மகளிர் சேபர் அணிப் போட்டி ரஷ்யா இல்லாமல் நடந்தது. உக்ரைன் தென்கொரியாவை 45–42 என்று வென்றது.